குட்டியின் படுக்கை

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்த நாய் இங்கிருந்து போயாகணும். இல்லைன்னா நாயோட நீயும் வேற வீடு பார்த்துக்க."

மாடிப்படியில் நின்று வீட்டுக்காரம்மா சொன்னாள். அவளுக்குப் பின்னால், ஒரு படி மேலே, அவள் கணவர் நின்றார். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். வீட்டிலும் அவருக்கு எப்போதும் பக்கத்து சீட்டுதான்.

"போயிடும்மா. ரொட்டிக்கடைக்காரர் கேட்டிருக்கார். ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிடுவார்" என்றாள் கீழ் வீட்டுப் பெண்.

அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. காப்பகத்தில் இடமில்லாத நாய்களைத் தத்தெடுக்க ஆள் கிடைக்கும்வரை தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வாள். இதற்கு முன் வந்ததெல்லாம் கைக்கு அடக்கமான நாய்கள். இந்த முறை வந்தது கன்றுக்குட்டி அளவுக்கு ஒன்று. பூட்டிக்கிடந்த ஒரு கடை வாசலில் யாரோ கட்டிப்போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குப் பெயர் குட்டி. பெயர் வைத்த மகராசன் யாரோ தெரியவில்லை.

குட்டி படியில் நின்ற இருவரையும் அண்ணாந்து பார்த்து, வாலால் தரையைப் பெருக்கியது.

"வாலை ஆட்டிட்டா ஆச்சா? அவரோட நீலக் கட்டம் போட்ட சட்டையைக் காணோம். இதுதான் இழுத்துட்டுப் போய்க் கடிச்சுக் குதறியிருக்கும்."

மாஸ்டருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"சட்டை போனா போகுது, விடு. நாய் போகட்டும். அதுதான் முக்கியம்" என்றார்.

"கேட்டியா? அவரே சொல்லிட்டார்."

"நீங்க சார்கிட்ட தனியா ஒரு தடவை பேசிப் பாருங்களேன் அம்மா."

"அவர்கிட்ட என்ன பேசறது? இது வந்த அன்னிக்கு ஒரு குரை குரைச்சுது பாரு, மனுஷன் படியிலேயே விழுந்துட்டார். அவருக்காகத்தான் நான் இவ்வளவும் பேசிட்டிருக்கேன்."

கீழ் வீட்டுப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து மென்று விழுங்கினாள்.

விஷயம் தெருவுக்கும் போய்விட்டது. "பிள்ளைங்க எல்லாம் வெளியூர் போயாச்சு. மாடி முழுக்கக் காலியா கிடக்கு. கீழ ஒரு வாயில்லா ஜீவன் இருக்கறது பொறுக்கலை பாரு. கல் மனசு" என்று எதிர் வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரொட்டிக்கடைக்காரர் வந்தார். முழங்கைவரை மாவு. முகத்தைப் பார்த்தாலே நல்ல மனிதர் என்று தெரிந்தது.

"கடையில இடுப்புல கட்டிக்கற என் ஏப்ரனைக் கொடுத்துட்டுப் போனேனே, அதுல படுத்துதா?"

"படுத்துது சார். நாய் வேணும்னு ஆசைப்படறவங்க யாரா இருந்தாலும் துவைக்காத துணி ஒண்ணு வாங்கி, படுக்கையில வெச்சுடுவேன். படுத்துப் பழகிட்டா, போற வீட்டு வாசனை அதுக்குப் புதுசா இருக்காது."

"என் துணியில வெண்ணெய் பிஸ்கட் வாசனை. வராம எங்க போயிடும்?"

குட்டி அவர் கையை நக்கியது. கயிறு மாட்டக் கழுத்தைக்கூட நீட்டிக் கொடுத்தது. வாசல்வரை சமர்த்தாக நடந்தது. அங்கே போனதும் படுத்துவிட்டது.

இழுத்தார். அசையவில்லை. அந்த உடம்பை நகர்த்த கிரேன்தான் வர வேண்டும்.

மாடிப்படியில் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடியும் கழற்றினார்.

"அதோட படுக்கையையும் எடுத்துக்கறேன்மா. அது வந்தா இதுவும் பின்னாலயே வந்துடும்" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"படுக்கை வேண்டாம் சார்" என்றாள் கீழ் வீட்டுப் பெண் அவசரமாக.

"ஏன் வேண்டாம்? கொடுத்தனுப்பு. பழகின படுக்கை இல்லாம அதுக்குத் தூக்கம் வருமா?" என்ற வீட்டுக்காரம்மா, சட்டென்று குரலை மாற்றிக்கொண்டாள். "எனக்கென்ன வந்தது. குப்பை சேரக் கூடாது, அவ்வளவுதான்."

ரொட்டிக்கடைக்காரர் உள்ளே போய் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். உறை வாய் திறந்து உள்ளே இருந்த துணிகள் விழுந்தன.

முதலில் அவருடைய ஏப்ரன். அடுத்து, நீலக் கட்டம் போட்ட சட்டை. கடிபடவில்லை, ஒரு பொத்தான்கூடப் போகவில்லை. கடைசியாக, பூப்போட்ட நைட்டி ஒன்று.

குட்டி எழுந்து வந்தது. ஏப்ரனைத் தாண்டிப் போய், சட்டையின் மேலும் நைட்டியின் மேலுமாகப் படுத்துத் தாடையை வைத்துக்கொண்டது.

வீட்டுக்காரம்மா சட்டையைப் பார்த்தாள். மாஸ்டர் நைட்டியைப் பார்த்தார்.

ரொட்டிக்கடைக்காரரும் கல்யாணமானவர்தான். சட்டென்று புரிந்துகொண்டார். ஏப்ரனை உதறி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கயிற்றைப் படிக்கட்டின் கைப்பிடியில் மாட்டினார். "வேற நாய் வந்தா சொல்லியனுப்பும்மா" என்று கிளம்பிவிட்டார்.

"நாய்னாலே உங்களுக்கு ஆகாதே. பயந்து விழுந்தீங்களே" என்றாள் வீட்டுக்காரம்மா. குரல் இறங்கியிருந்தது.

"யார் பயந்தா? கிட்டப் போய்ப் பார்க்கலாம்னு இறங்கினேன், கால் வழுக்கிடுச்சு. நீதான் தினமும் அதைத் துரத்துன்னு நின்னே."

இருவரும் கீழ் வீட்டுப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னைக் கேட்டா நான் என்ன செய்வேன்? ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் வந்து துணியைக் கொடுத்தீங்க" என்றாள் அவள். "ரெண்டு பேரும் சொல்லி வெச்ச மாதிரி ஒரே பேச்சுதான் பேசினீங்க: 'என்னிக்காவது மேல இருக்கறவங்க மனசு மாறினா பார்க்கலாம்மா. இப்ப தெரிய வேண்டாம், பாவம், அவங்களுக்கு நாய்னா ஆகாது.'"