சோப்பில் பதிந்த சாவி

"உங்க கூட்டாளிகிட்ட நேரா கேட்டா சொல்லிட்டுப் போறாரு. எதுக்குங்க இந்தத் திருட்டு வேலை?" என்றாள் மனைவி.

சோப்புக்காரர் கையிலிருந்த சோப்புக் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு சாவியின் அச்சு பளிச்சென்று பதிந்திருந்தது. காலையில் கூட்டாளி சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில் எடுத்தது. சொந்தத் தயாரிப்பு என்பதால் அச்சு இம்மியும் பிசகவில்லை. அந்தப் பெருமை வேறு அவருக்கு.

ஒரே தெருவில் பதினோரு வருடம் எலியும் பூனையுமாக இருந்தவர்கள் இவரும் கூட்டாளியும். இவருடைய சோப்பு லேசில் கரையாது, ஆனால் வாசனை சுத்தமாகக் கிடையாது. எதிர்க்கடை சென்ட்காரருடைய சோப்பு தெருவே மணக்கும், இரண்டு குளியலில் கூழாகிவிடும். பெரிய ஹோட்டல் ஒன்று இரண்டு குணமும் சேர்ந்த சோப்பு வேண்டுமென்று கேட்டதும், வேறு வழியில்லாமல் ஒரே போர்டின் கீழ் வந்து சேர்ந்தார்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை உண்டு. இருவரும் அவரவர் செய்முறையைத் தனித்தனி நோட்டில் எழுதி, இரண்டு பூட்டுப் போட்ட பீரோவில் வைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பூட்டின் சாவி. ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், அவர் வீட்டில் சாவியை வாங்கி, நோட்டைப் பார்த்து, மற்றவர் வேலையை நடத்த வேண்டும்.

"போன மாசம் காய்ச்சல்ல நாலு நாள் படுத்தேன்ல, அதுலேருந்து அவன் முகமே சரியில்லை. அந்த வாரம் சரக்கும் போகலை. நேத்து வேற கம்பெனிக்காரனோட உக்காந்து டீ குடிக்கிறான்" என்றார் சோப்புக்காரர். "திங்கக்கிழமை ஹோட்டல்ல ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும். அதுக்குள்ள அவன் கழண்டுகிட்டா நாம நடுத்தெருவுலதான் நிக்கணும். அவன் நோட்டு என் கைக்கு வந்துட்டா எனக்குப் பயமில்லை."

"நீங்க படுத்திருந்தப்ப வீடு தேடி வந்தவருங்க அவரு. அன்னைக்குக்கூட..."

"வேவு பார்க்க வந்திருப்பான்" என்று வெட்டினார்.

அவள் விடவில்லை. இதே மாதிரி அவரும் உங்கள் நோட்டை எடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

"என் நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்ததோட உன் வேலை முடிஞ்சுது. மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சாவி செய்பவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் அராவிக் கொடுத்துவிட்டார். மதியம் சென்ட்காரர் சாப்பிடப் போனதும், சோப்புக்காரர் கதவைச் சாத்திவிட்டு பீரோவுக்கு முன்னால் நின்றார். தன் சாவியை முதலில் போட்டார், புதுச் சாவியை அடுத்து. வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல இரண்டு பூட்டும் திறந்தன.

மேல் தட்டில் நீல அட்டை போட்ட தன் நோட்டு. அதன் கீழே கூட்டாளியின் நோட்டு. பதினோரு வருடம் மூக்கை மட்டுமே வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்த ரகசியம். அட்டையைப் பிரித்தார்.

உள்ளே இருபது முப்பது பக்கங்கள் கிழிக்கப்பட்டு, தையல் ஓரத்தில் கிழிசல் மட்டும் மிச்சமிருந்தது. சில கிழிசல்களில் பாதி எழுத்துகள்கூட ஒட்டியிருந்தன. "நான் நினைச்சது சரிதான், துரோகி" என்று முணுமுணுத்தபடி அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அதில் சென்ட்காரரின் குண்டுக் கையெழுத்து.

"அண்ணே, நீங்க காய்ச்சல்ல கிடந்தப்ப, ஹோட்டல் சரக்கு நின்னுடக் கூடாதுன்னு அண்ணிகிட்ட சாவி வாங்கித் திறந்தேன். உங்க நோட்டுல ஒரு எழுத்துகூட இல்லை. அதுக்கப்புறம்தான் என்னோடதைக் கிழிச்சேன்."