நீல சுவிட்ச் மாப்பிள்ளை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் இறம்பொடை அனுமார் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளட்டும்.

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயமொன்றில் இருந்தபடியே கொழும்புக் கம்பெனிக்குக் கணினி வேலை பார்த்தான் வினோஜன். வேலை முடிந்தால் அதே கீபோர்டில் கேம். பக்கத்துக் காம்பராவுக்குப் புதிதாகக் குடிவந்த தனுஷிகாவைக் கட்ட ஆசை. அவள் அப்பா சின்னத்தம்பி ஒரே நிபந்தனைதான் போட்டார்.

"வீட்டுல குந்திக்கிட்டு வேலை பாக்குறேன்னு எவனும் சொல்லலாம். செவுத்துக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு கிழமை, ஏழு நாளும் கேப்பேன். உழைக்கிற சத்தம் கேட்டாத்தான் பொண்ணு."

புதுக் கீபோர்டில் எழுத்து விசைகளுக்கு அடியில் எந்த நிற சுவிட்ச் என்று வினோஜனுக்கு மண்டை காய்ந்தது. சிவப்பு சுவிட்ச் சத்தமில்லாமல் வழுக்கும், கேமுக்கு வெண்ணெய். நீலமோ ஒவ்வொரு எழுத்துக்கும் 'டக்' என்று சாட்சி சொல்லும்.

"நீலத்தையே வாங்குங்க," என்றாள் தனுஷிகா.

"கேம் ஆடுறதும் கேக்குமே?"

"அத நான் பாத்துக்கிறேன்."

நீலம் வந்தது. சின்னத்தம்பி மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவரில் காதை ஒட்டினார். வினோஜன் ஒரு நாள் ஒழுங்காக வேலை செய்தான். மற்ற நாளெல்லாம் எதிரிகளைச் சுட்டுத் தள்ளினான்.

கிழமை முடிந்ததும் தீர்ப்பு வந்தது.

"பாவம், பயலுக்கு மூச்சு விடவும் நேரமில்ல. தையில கல்யாணத்த வச்சுக்குவோம். சத்தத்த வச்சே ஆள எடை போட என்னைய விட்டா இந்தத் தோட்டத்துல யாரு இருக்கா?"

தேயிலைப் பெக்டரி மெஷின்களுக்கு நடுவிலேயே காலந்தள்ளிய சின்னத்தம்பிக்கு இரண்டு காதும் கேட்காது. சுவருக்கு அப்பால் என்ன சத்தம் என்று அவருக்குக் கைஜாடையில் சொன்னவள் தனுஷிகா.