வேஷமில்லாத ராஜா

மணிமங்கலம் பேருந்து நிறுத்தத்தில் காலை வெயில் புழுதியின்மேல் மஞ்சளாகக் கிடக்கிறது. அஞ்சல்வழியில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் இந்திராணி, துன்பியல் நாடகத் தாளில் இருமுறை தவறியவள், இன்று மூன்றாம் முறை எழுதப் போகிறாள்.

“விழப் போறோம்னு தெரிஞ்சும் ஏன் நாடகத்துல வர்ற அந்த ராஜா மாற மாட்றான்? அதான் புரியல.”

கூத்தில் ராஜா வேஷம் கட்டும் கணவன் திருநாவுக்கரசு, சைக்கிளை நிறுத்திவிட்டு, சாகும் ராஜாவாகப் புழுதியில் சரிந்து விழுகிறான். இல்லாத கிரீடத்தை ஒரு கை மட்டும் தலையோடு அழுத்திப் பிடித்திருக்கிறது.

“கிரீடத்த இன்னாத்துக்குப் புடிச்சிக்கினு இருக்கீங்க?”

“வுட்டா பொழச்சிக்குவேன். ஆனா ராஜாவா இருக்க முடியாதே.”

நிறுத்தத்தில் சிலர் சிரிக்கிறார்கள். வேஷம் கட்டாமல் சாவை ஆடக்கூடாது என்பது அவன் கூத்துக் குழுவான ஜமாவின் கட்டுப்பாடு. அது அவளுக்கும் தெரியும். பேருந்து வந்து நிற்கிறது. அவன் முதுகுப் புழுதியைத் தட்டுகிறாள். புழுதி போன பிறகும் தட்டிக்கொண்டே இருக்கிறாள். கண்டக்டர் விசில் ஊதுகிறார்.