நோயாளி நாற்காலி

"சிஸ்டர், இன்னைக்கும் அதட்டினீங்கன்னா திரும்ப ஊசி போடற ரூம்தான். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது" என்றார் பயிற்சி கொடுக்கும் டாக்டர்.

"சத்தியமா அதட்ட மாட்டேன் டாக்டர்!"

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. அதையும் அதட்டித்தான் சொன்னீங்க."

சிகரெட்டை விட நினைப்பவர்களுக்காக அந்த மருத்துவமனையில் தனிப் பிரிவு திறக்கப் போகிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வேண்டும். சிஸ்டருக்கு அந்த வேலை மேல் கொள்ளை ஆசை. ஆனால் வார்டில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'சைரன்'. பயிற்சித் தேர்வில் இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இதுதான் கடைசி வாய்ப்பு.

தேர்வு என்றால் எழுதுவது இல்லை, பேசுவது. நாடகக் குழு ஒன்றிலிருந்து ஓர் இளம்பெண்ணை வரவழைத்திருந்தார்கள். ஒவ்வொரு நர்ஸ் முன்னாலும் அவள் ஒவ்வொரு நோயாளியாக வந்து உட்காருவாள். என்ன வேஷம் என்பதை டாக்டர் அவள் காதில் மட்டும் சொல்லி அனுப்புவார். காலையிலிருந்து அவள் டாக்ஸி டிரைவராக இருமியிருந்தாள், காது கேளாதவளாகச் சைகை காட்டியிருந்தாள், பாஷை தெரியாத ஊருக்குப் பிழைக்க வந்தவளாக விழித்திருந்தாள். எல்லோரிடமும் ஒரே பாட்டைப் பாடக் கூடாது என்பதுதான் பயிற்சியே.

டாக்டர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

வெளியே தூறல். ஜன்னலில் நீலத் திரை மெல்ல உப்பி மெல்ல அடங்கியது. அறை முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருப்பது போன்ற வெளிச்சம். அவள் சத்தமில்லாமல் வந்து நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கம்மா" என்றார் சிஸ்டர்.

அவள் வயிற்றின் மேல் கையை வைத்தாள். "எனக்கு மூணு மாசம் சிஸ்டர். சிகரெட்டை விட முடியல."

சிஸ்டருக்குச் சுர்ரென்று ஏறியது. நாக்கு நுனிவரை வந்துவிட்டதை அப்படியே விழுங்கினார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "திட்டலையா?"

"இல்லம்மா."

"தாயாகப் போறவ பண்ற காரியமான்னு கேக்கலையா?"

"அதை நீங்களே தினமும் உங்களைக் கேட்டுக்கிட்டு இருப்பீங்க. நான் வேற எதுக்குக் கேக்கணும்?"

அவள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நாலு பேர் முன்னாடி போய் நிக்கணும்னா எனக்குக் கை நடுங்கும். ஓரமாப் போய் ஒண்ணு பிடிச்சா அடங்கிடும். அப்படித்தான் ஆரம்பிச்சது. வீட்ல அவருக்குக்கூடத் தெரியாது. தெரிஞ்சா, நாளைக்குக் குழந்தைக்கு ஒரு தும்மல் வந்தாலும் என்னைத்தான் சொல்லுவாங்க."

அவள் கண் கலங்கியது. என்ன நடிப்புடா சாமி என்று சிஸ்டர் மனசுக்குள் சபாஷ் போட்டார். அதுவும் ஒரு நிமிஷம்தான். பிறகு தேர்வு, கண்ணாடித் தடுப்பு, ஊசி அறை எல்லாம் எங்கோ விலகிப் போய், அந்த நீல வெளிச்சத்தில் இரண்டு பெண்கள் மட்டும் மிதந்துகொண்டிருப்பது போல் இருந்தது. சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது.

"கடைசியா எப்போ நடுங்கிச்சு?"

"இப்போதான். உள்ள வர்றதுக்கு முன்னாடி."

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. அப்படியே வந்துட்டேன்."

"பார்த்தீங்களா? அது இல்லாமலே வந்துட்டீங்களே!"

அவள் புதிதாக எதையோ கண்டுபிடித்தவள் போல் தன் விரல்களைப் பார்த்தாள். "பாப்பாவுக்கு இதுக்குள்ள ஏதாவது ஆகியிருக்குமா சிஸ்டர்?"

"அதை டாக்டர்கிட்ட சேர்ந்து போய்க் கேப்போம், நானும் வரேன். ஆனா எப்போ விட்டாலும் பாப்பாவுக்கு நல்லதுதான். செவ்வாய்க்கிழமை வாங்க. நடுவுல கை நடுங்கிச்சுன்னா எனக்கு ஒரு போன் போடுங்க. நான் திட்டுவேன்னு இங்க எல்லாரும் சொல்லுவாங்க, நம்பிடாதீங்க."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். தேர்வு நேரம் முடிந்ததென்று மணி அடித்தது.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். "சிஸ்டர், பாஸ். ஒண்ணாம் தேதி புதுப் பிரிவுக்கு வந்துடுங்க."

சிஸ்டருக்குச் சந்தோஷத்தில் குரல் பழைய சைரனுக்கே ஏறிவிட்டது. "எல்லாம் இந்தப் பொண்ணால டாக்டர்! அப்படியே பிள்ளைத்தாச்சியாவே மாறிட்டா!"

"அதான் எனக்கும் புரியல" என்றார் டாக்டர், அவளைத் திரும்பிப் பார்த்து. "நான் அவங்க காதுல சொல்லி அனுப்பினது, ரிட்டயர்டான போஸ்ட்மேன்."

அவள் கைப்பையைத் திறந்து, பாதி தீர்ந்திருந்த சிகரெட் பெட்டியை எடுத்து சிஸ்டர் கையில் வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும் சிஸ்டர்?"