தங்கச்சி குரல்ல ஒரு இடைவெளி

வெள்ளிக்கிழம லீவுன்னா குவைத் ரூம்ல தனியா உக்காந்து கம்ப்யூட்டர்ல மியூசிக் பண்றதுதான் என் வேல. யார் குரலயும் ரப்பர் மாதிரி இழுத்து மெதுவாக்கினா, தம்புரா கணக்கா ஒரு ரீங்காரம் வரும். இன்னிக்கு தங்கச்சி தமயந்தி அனுப்பின வாய்ஸ் மெசேஜப் போட்டேன். "நல்லாருக்கேண்ணே, நீ கவலப்படாத"ன்னு சொல்லியிருந்தா. நடுவுல அவ மூச்சு விட்ட இடத்த மட்டும் வெட்டி, இழுத்து, சத்தத்த ஏத்தினேன். "அழாம பேசு"ன்னு ஒரு ஆம்பளக் குரல் கிசுகிசுத்துச்சு.

உடனே போன் போட்டேன். அவ புருஷன் எடுத்தாரு.

"என்ன மச்சான், உங்க பேய்ப் பாட்டெல்லாம் எப்படிப் போகுது?"

"தமயந்திகிட்ட குடுங்க மாப்ள."

"இப்பதான் தூங்கினா"ன்னாரு. சொல்லிட்டு, பக்கத்துல ஓடுன டிவிய இன்னும் பெருசா வச்சாரு.