பூட்டித்தான் இருக்குதுங்க, ஆனா...

சிவராஜிடம் இருப்பது ஒரே மைக். அதில் மாட்டும் லோகோ டப்பாதான் இரண்டு. மஞ்சளை மாட்டினால் ஓசூர் கேபிள் டிவி நிருபர். சிவப்பை மாட்டினால் ஆனேக்கல் கன்னட யூடியூப் சேனல் நிருபர். நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பான். அந்த ஒரு மிடறில்தான் அவன் மாநில எல்லையைத் தாண்டுவது.

அன்று முற்பகல், பாகலூர் ரோட்டில் ஒரு தகர ஷெட்டின் முன்னால் நின்றான். கேட்டில் பெரிய பூட்டு. உள்ளே ஆள் அரவமில்லை.

வினோதாவின் கம்பெனி. கரண்டில் ஓடும் லோடு ஆட்டோ செய்கிற பெண். அரசாங்கக் கடனில் ஆரம்பித்தாள். அடுத்த தவணை கிருஷ்ணகிரி ஆபீஸில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அது வந்தால்தான் பேட்டரி வாங்க முடியும், ஷெட்டில் இருக்கிற பெண்களுக்கு வேலை நிலைக்கும் என்று போன மாதம்தான் பேட்டி கொடுத்தாள். பேட்டி எடுத்ததே சிவராஜ்தான்.

அவனுக்கு மூக்கு வேர்த்தது. கேபிள் டிவி முதலாளி ஐசக்குக்குப் போன் போட்டான்.

"சார், கடன் வாங்கின கம்பெனி பூட்டிக் கிடக்கு."

"அப்படிப் போடு! 'கடனை வாங்கிக் கம்பி நீட்டிய பெங்களூர்ப் பெண்'னு தலைப்பு வை."

"அது நம்ம ஜில்லா, கல்லாவிப் பொண்ணு சார். பர்கூர் காலேஜ்ல படிச்சது. பெங்களூர்ல கொஞ்ச நாள் வேலை பார்த்துச்சு, அவ்வளவுதான்."

"கடன் கிடைச்ச அன்னிக்குத்தான்யா கல்லாவி. ஓடிப்போனா பெங்களூர்."

"அந்தப் பெரிய வண்டிக் கம்பெனியும்தான் அரசாங்கத்துகிட்ட வாங்கியிருக்கு..."

"அது முதலீடுப்பா! நமக்கு விளம்பரம் தர்றதே அவங்கதான். வேலையைப் பாரு."

சிவராஜ் வேலையைப் பார்த்தான். எதிரில் சம்பங்கியின் பெட்டிக்கடை. செல்போன் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ஒரு சோடா வாங்கி வாயில் ஊற்றினான்.

"என்னக்கா இது, வெந்நி மாதிரி இருக்கு?"

"அதுங்க சார்..."

"சரி, விடுங்க. இந்தக் கம்பெனி பூட்டியிருக்கா, இல்லையா? கேமராவைப் பார்த்துச் சொல்லுங்க."

சம்பங்கி முந்தானையைச் சரிசெய்துகொண்டு தொண்டையைச் செருமினாள்.

"பூட்டித்தான் இருக்குதுங்க, ஆனா..."

அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். சிவராஜ் அதற்குள் பைக்குள் தலையை விட்டுச் சிவப்பு டப்பாவைத் தேட ஆரம்பித்திருந்தான். இந்தத் தொழிலில் அவன் கற்றுத் தேறிய ஒரே பாடம்: 'ஆனா'வுக்கு முன்னால் வருவது செய்தி, பின்னால் வருவது இழுவை.

டப்பாவை மாற்றி, கன்னடத்தில் முழங்கினான். அங்கே வினோதா பெங்களூரை ஏமாற்றிவிட்டு ஓடிய தமிழ்நாட்டுக்காரி. "சூப்பர் குரு!" என்று ஆனேக்கல்லிலிருந்து உடனே பாராட்டு வந்தது.

ஒரே நாளில் ஒரு பெண்ணை இரண்டு மாநிலத்திலிருந்தும் நாடு கடத்தியவன் தன்னைத் தவிர வேறு யார் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

மறுநாள் வினோதா போன் செய்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து, போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்தான்.

"அண்ணா, கிருஷ்ணகிரி ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கேன். உங்க நியூஸைப் பார்த்துட்டுக் கையெழுத்தை நிறுத்தி வெச்சுட்டாங்க."

"அது வந்தும்மா... கண்ணால பார்த்ததைத்தானே போட்டோம்..."

"பூட்டு நிஜம்தாண்ணா. நான் சண்டைக்கு வரலை. ஆனா இங்க நான் என்ன சொன்னாலும் எடுபடலை. டிவியில வந்துடுச்சேங்கறாங்க. சம்பங்கியக்கா உங்ககிட்ட நிறையப் பேசுச்சாமே, அந்த வீடியோவை மட்டும் வெட்டாம அனுப்புங்க. ஆபீஸர்கிட்டக் காட்டணும்."

இவ்வளவுதானா! சிவராஜுக்கு மூச்சு வந்தது. பெட்டிக்கடைப் பேச்சில் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது? தங்கமான பொண்ணு, நல்ல கம்பெனி என்று ஏதாவது இழுத்திருப்பாள்.

திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பினான். அது அவன் பழக்கம். கேபிள் டிவிக்காகக் காலை அறிவிப்புகளைப் படித்துப் பதிவு செய்யும்போதுகூட வாய் படிக்கும், மனசு டீக்கடையில் இருக்கும். என்ன படித்தோம் என்று கேட்டால் முழிப்பான்.

கொஞ்ச நேரத்தில் வினோதாவின் குரல் வாட்ஸ்அப்பில் வந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டாங்கண்ணா! ரொம்ப நன்றி. ஆபீஸர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. நீங்க அதைக் கடைசிவரைக்கும் பார்த்தீங்களா?"

சிரிக்க என்ன இருக்கிறது?

வீடியோவைத் திறந்தான். திரையில் சம்பங்கி. ஓரத்தில், பைக்குள் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கும் தன் முதுகு.

"பூட்டித்தான் இருக்குதுங்க, ஆனா இன்னிக்குப் பூரா இந்தப் பக்கம் கரண்டு இல்லீங்களே. கரண்டு இல்லாத அன்னிக்கு லீவு வுட்டுட்டு, ஞாயித்துக்கிழமை வந்து வேலை செஞ்சுருவாங்க. என் பிரிட்ஜே ஓடலை, சோடா பின்ன எப்படிச் சில்லுனு இருக்கும்? ஏன் சார், காலையில டிவியில 'பாகலூர் ரோட்டுல இன்னிக்கு மின்தடை'ன்னு படிச்சதே நீங்கதானே? உங்க நியூஸை நம்பித்தான் சார் அந்தப் பொண்ணு பூட்டிட்டுப் போச்சு!"