உள்பக்கம் ஒரு ஒட்டு

தையல்காரர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து படுத்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. மனைவி சால்வையைப் போர்த்திக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்திருந்தாள்.

“வலிக்குமா?” என்றார்.

“மயக்கம் குடுத்துட்டா ஒண்ணுமே தெரியாதாம்.”

டாக்டர் சற்று முன்புதான் எல்லாவற்றையும் விளக்கிவிட்டுப் போயிருந்தார். தொடையிடுக்கில் புடைத்திருப்பது குடலிறக்கம். முன்பு போல நீளமாகக் கிழிக்க வேண்டியதில்லை. தொப்புளை ஒட்டி மூன்று சின்னத் துளைகள், ஒன்றின் வழியே கேமரா. பலவீனமான இடத்தில் உள்ளேயே ஒரு வலையை வைத்து அடைத்துவிட்டால், நாளைக்கே வீட்டுக்குப் போகலாம்.

நைந்த துணிக்கு உள்பக்கம் ஒட்டுப் போடுகிற மாதிரியா என்று தையல்காரர் கேட்டார். அதேதான் என்றார் டாக்டர். ஒட்டுப் போட்ட சட்டைகளில் எத்தனை தன் கடைக்கே திரும்பி வந்திருக்கின்றன என்பது தையல்காரருக்குத் தெரியும். அந்த நிமிஷத்திலிருந்துதான் அவருக்குத் தலைசுற்றல்.

மனைவி பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள். பயம் வந்தால் அவருக்குப் பசிக்கும். படுத்தபடியே காலி செய்துவிட்டு டீ கேட்டார்.

பிளாஸ்க்கோடு வந்த அவருடைய அம்மா, கட்டிலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஒற்றை ஆளாகப் பீரோவை நகர்த்த வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டதாகவும், இந்த வீட்டில் தன் பேச்சு என்றைக்கு எடுபட்டது என்றும் சொன்னார்.

தையல்காரர் குரலைத் தாழ்த்தினார். “ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, பிள்ளைங்க கதி?”

“ஒண்ணும் ஆகாது. சாயங்காலம் கண்ணு முழிச்சதும் பேசிக்கலாம்.” குரல் நிதானமாகத்தான் இருந்தது. கை மட்டும் சில்லென்றிருந்தது.

தள்ளுவண்டி வந்தது. வார்டு ஊழியர் அதைக் கட்டிலை ஒட்டி நிறுத்தி, நேரமாகிவிட்டது, மெதுவாக ஏறிப் படுக்கலாம் என்றார். தையல்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

மனைவி எழுந்தாள். சால்வையை மடித்து மாமியாரிடம் கொடுத்துவிட்டு, கணவரின் தோளை மெல்லத் தொட்டாள்.

“கொஞ்சம் நகருங்க. ஆபரேஷன் எனக்கு.”